தான்சானியாவில் கூடாரச் சஃபாரி: வேலியில்லாத திடலில் குடும்பத்தோடு தங்கலாமா?

#1 நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் நான், என் மனைவி, 12 வயது மகள், 64 வயதான என் தாயார் ஆகிய நால்வரும் வடக்குத் தான்சானியாவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். அருஷா நகரிலிருந்து இயங்கும் ஒரு நிறுவனம் எங்களுக்கு இரண்டு திட்டங்களை அனுப்பியிருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் ஏறத்தாழ ஒன்றுதான். முதல் திட்டத்தில் வழிகாட்டியும் சமையலரும் உடன் வர, 7 நாளும் கூடார வாசம்: தரங்கிரே பூங்காவில் ஓர் இரவு, எண்டுட்டுப் பகுதியில் இரண்டு, செரெங்கெட்டியின் நடுவே செரொனேராவில் இரண்டு, கொரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒன்று. இரண்டாவது திட்டத்தில் 4 நாள்தான். ஆனால் இரவுகள் அனைத்தும் லாட்ஜில். (லாட்ஜ் என்றதும் நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருப்பவைதாம் முதலில் நினைவுக்கு வந்தன, வாடகையைப் பார்த்ததும் அந்த நினைவு ஓடிவிட்டது.)

எனக்குக் கூடாரத்தின் மீதுதான் ஆசை. ஆனால் அந்தத் திடல்களைச் சுற்றி வேலியே கிடையாது என்று படித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் உறக்கம் இல்லை. உண்மையிலேயே அது பாதுகாப்பானதா, என் தாயாரால் தாக்குப்பிடிக்க முடியுமா, நாங்கள் சைவ உணவினர் என்பதால் ஒரு வாரத்தை எப்படிக் கடத்துவது, வைல்டுபீஸ்ட் (மாடு போன்ற உருவமுள்ள மானினம்) மந்தைகள் ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பிப்ரவரியில் எந்த இடத்தில் பார்க்கலாம் ஆகியவற்றைச் சென்றுவந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

#2 நெடுவழி

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் பலருக்கும் ஏமாற்றம் தருவது. வைல்டுபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரை, செரெங்கெட்டியின் வடகோடியில், கென்ய எல்லையை ஒட்டி. பிப்ரவரியில் அங்கே போனால் ஆறுமட்டும்தான் இருக்கும். அந்த மாதத்தில் மந்தைகள் முழுவதும் தெற்கே, எண்டுட்டுவைச் சுற்றியுள்ள குட்டைப்புல் சமவெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். எனவே உங்கள் நிறுவனம் எண்டுட்டுவில் இரண்டு இரவுகள் வைத்திருப்பதே அவர்களுக்குத் தொழில் தெரியும் என்பதற்கு ஓர் அடையாளம்.

மந்தைகள் ஏன் தெற்கே வருகின்றன என்பதை எங்கள் வழிகாட்டி சொன்ன பிறகுதான் அந்த வெளியே எனக்கு விளங்கியது. கொரோங்கோரோ மேட்டுநில எரிமலைகளும், இன்றும் அவ்வப்போது குமுறும் ஒல் தோய்ன்யோ லெங்காயும் காலங்காலமாகத் தூவிய சாம்பல் அந்த மண்ணில் இறுகிக் கிடக்கிறது. அடியில் கல்போன்ற தட்டு இருப்பதால் மரம் வேர்விட முடியாது; ஆனால் மேலே முளைக்கும் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுதி. பால் சுரக்க வேண்டிய தாய்களுக்கு அதைவிட நல்ல மேய்ச்சல் அந்த நாட்டிலேயே இல்லை. மரமில்லாததால் சிங்கம் பதுங்கவும் வழி குறைவு. மழை நின்று புல் காய்ந்ததும் நீரைத் தேடி வடமேற்காக நடக்கத் தொடங்கிவிடுகின்றன. பெயர் பெற்ற இடப்பெயர்வு என்பது இந்தச் சாம்பல் புல்லுக்கும் வடக்கே உள்ள ஆற்றுக்கும் இடையே நடக்கும் ஓயாத சுற்றுதான்.

ஒரு காட்சியை மட்டும் சொல்லுகிறேன். காலை 8 மணியளவில் எங்கள் வண்டிக்கு முப்பது அடி தொலைவில் ஒரு தாய் படுத்து எழுந்து, மறுபடியும் படுத்தது. வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, யாரும் எழுந்து நிற்க வேண்டாம் என்று கையால் காட்டினார். கன்று தரையில் விழுந்ததும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னங்கால்களை ஊன்றி எழும், முகம் மண்ணில் குத்த விழும், மீண்டும் எழும். ஆறாவது முறை நின்றுவிட்டது. 7 நிமிடம். அதற்குள் இருநூறு மீட்டர் தொலைவில் ஒரு கழுதைப்புலி தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தாய் கன்றை முட்டி முட்டி மந்தையின் நடுவே தள்ளிக்கொண்டு போனது. ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் கன்றுகள், அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே பிறந்துவிடுகின்றன. ஊனுண்ணிகளால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே சமயத்தில் பிறப்பதுதான் அவற்றின் காப்பு.

இனி வேலி. நீங்கள் படித்தது உண்மை, வேலி கிடையாது. செரொனேராவின் பொதுத் திடல்களில் சமைக்கவும் உண்ணவும் கம்பி அடித்த கூடங்கள் இருக்கும். மனிதர்கள் கூண்டுக்குள் அமர்ந்து சூப் குடிக்க, வெளியே கழுதைப்புலி உலாவும். எங்களோடு வந்த சிறுவன் அதைப் பார்த்துவிட்டு, நம் ஊர் உயிரியல் பூங்காவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்றான். இரவில் கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடிவிட வேண்டும்; உள்ளே பழமோ, பிஸ்கட்டோ, மணமுள்ள சோப்போ எதுவும் வைக்கக் கூடாது; காலணிகளை வெளியே விடக் கூடாது, கழுதைப்புலிகளுக்குத் தோல் என்றால் பிரியம். இருட்டிய பின் திடலைவிட்டு ஓர் அடிகூடத் தனியே நகரக் கூடாது. மூடிய கூடாரத்தை விலங்குகள் ஒரு பாறையைப்போல எடுத்துக்கொண்டு விலகிச் செல்கின்றன என்பது அங்குள்ள வழிகாட்டிகள் அனைவரும் சொல்லுவது. நான் படுத்திருந்த துணிக்கு அப்பால் ஓர் எருமை புல்லைப் பிய்க்கும் ஓசையை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த அனுபவத்தில் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். நெறிகளை மீறியவருக்கு ஆபத்து நிச்சயமாக உண்டு.

பள்ளத்தின் விளிம்பில் உள்ள சிம்பா திடலில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. நாங்கள் தங்கிய மாலையில் தனி ஆண் யானை ஒன்று நேரே நடந்துவந்து, துதிக்கையைத் தொட்டிக்குள் விட்டு நீர் அருந்தியது. எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு முன்னே போனபோது சமையலர் மட்டும் கரண்டியோடு ஓடிவந்து எங்களைப் பின்னுக்கு இழுத்தார். அவருக்கு அது அன்றாடம். அன்றாடம் பார்த்தவர் பின்வாங்குகிறார், முதன்முறை பார்ப்பவர் முன்னே போகிறார் என்பதை வைத்தே நான் இதைச் சொல்லுகிறேன்: உங்கள் பாதுகாப்பு வேலியில் இல்லை, உடன் வரும் இருவரில் இருக்கிறது. ஆகவே கூடாரமா லாட்ஜா என்பதைவிட, வழிகாட்டி யார், எத்தனை ஆண்டுகளாக அந்த வேலையில் இருக்கிறார், அவருக்கு மாதச் சம்பளம் உண்டா, அன்றன்றைக்கு அழைக்கப்படுபவரா என்று கேளுங்கள்.

நல்ல வழிகாட்டி விலங்கைத் தேடுவதில்லை. மற்ற விலங்குகள் எதைப் பார்க்கின்றன என்பதைத் தேடுகிறார். எங்களவர் ஓரிடத்தில் நிறுத்தி, தாம்சன் கசெல் மான்கள் எல்லாம் மேய்வதை விட்டு ஒரே திசையில் தலை திருப்பியிருப்பதைக் காட்டினார். இருபது நிமிடம் காத்திருந்த பிறகு அந்தத் திசையில் புல் அசைந்து ஒரு சிவிங்கிப்புலி எழுந்தது. (நம் நாளேடுகள் சிவிங்கிப்புலியையும் சிறுத்தை என்றே எழுதிவிடுகின்றன. இரண்டும் வேறு. கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்க்கோடு போலக் கறுப்புக் கோடு ஓடுவது சிவிங்கிப்புலி. மரக்கிளையில் தொங்கிக் கிடப்பது பெரும்பாலும் சிறுத்தை.)

ஒரு சிறு மாற்றத்தை மட்டும் பரிந்துரைப்பேன். தரங்கிரேயின் யானைக் கூட்டங்கள் ஆற்றங்கரையில் திரளுவது ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறட்சியில். பிப்ரவரியில் அவை கலைந்து பூங்காவுக்கு வெளியேயும் போயிருக்கும். அந்த ஓர் இரவையும் எண்டுட்டுவுக்கே கொடுத்துவிடலாம்.

#3 செம்பரிதி

நெடுவழி அவர்கள் எழுதியதைப் படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. நான் ஜூலை மாதத்தில் இதே வழித்தடத்தில் சேர்ந்து செல்லும் குழுவொன்றில் 4 நாள் கூடாரச் சஃபாரி சென்றேன். இணையத்தில் பணம் கட்டிய நிறுவனம் ஒன்று, விமான நிலையத்துக்கு வந்த வண்டி வேறொன்று. எங்களை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டார்கள் என்பது அருஷாவில்தான் தெரிந்தது. ஆறு பேர் என்று சொல்லிவிட்டு ஏழாவதாக ஒருவரை நடு இருக்கையில் ஏற்றினார்கள். அவருக்குச் சன்னலே இல்லை. மேற்கூரை ஒரு பக்கம் மட்டுமே தூக்கியது.

வானொலியில் எவரோ சிறுத்தை என்று சொன்னால் போதும், எங்கள் ஓட்டுநர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறப்பார். போய்ச் சேரும்போது ஒரு மரத்தைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்கும். இலைகளுக்கு நடுவே ஒரு வால் தொங்கும். செரெங்கெட்டியில் கடைசி நாள் காலையில் ஒரு சிங்கக் குடும்பத்தை நாங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் நேரமாகிவிட்டது என்று வண்டியைத் திருப்பிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு விடையில்லை. பள்ளத்தின் விளிம்பில் கொடுத்த ஸ்லீப்பிங் பேக்கில் ஒரு பக்கம் ஜிப்பே இல்லை. அன்றிரவு இருந்த அனைத்து உடைகளையும் மாட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கழிவறையைப் பற்றி எழுதி இந்த இழையை அசிங்கப்படுத்த விரும்பவில்லை. வயதான தாயாரை அங்கே அழைத்துச் செல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விலங்குதான் பார்க்க வேண்டுமென்றால் கபினியிலேயே நல்ல அறையில் தங்கிப் பார்க்கலாம்.

#4 நெடுவழி

செம்பரிதி ஐயா, உங்களுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் அது கூடாரத்தின் குற்றமன்று, கணக்கின் குற்றம். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நொய்யல்கரைக்கும் பயன்படும்.

நாங்கள் சென்ற ஆண்டில் செரெங்கெட்டியில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் வரியோடு சேர்த்து ஒருவருக்கு 82.60 டாலர், பொதுத் திடலில் கூடாரமடிக்க 35.40 டாலர். ஆக ஓர் இரவுக்கு 118 டாலர் அரசுக்கே போய்விடுகிறது. கொரோங்கோரோ பள்ளத்துக்குள் இறங்க ஒவ்வொரு வண்டிக்கும் தனியே 295 டாலர். இந்தத் தொகைகள் அவ்வப்போது மாறும், பூங்கா நிருவாகம் வெளியிடும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர், தலைக்கு நாளொன்றுக்கு 150 டாலரில் எல்லாம் அடக்கம் என்று விளம்பரம் செய்தால் மீதி 32 டாலரில் டீசல், உணவு, வண்டித் தேய்மானம், இருவர் சம்பளம், அவருடைய இலாபம் அனைத்தும் வர வேண்டும். எது வெட்டப்படும்? டீசலைக் குறைத்தால் வண்டி ஓடாது. வழிகாட்டியின் சம்பளமும் ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பும்தான் வெட்டப்படும். சம்பளமில்லாத ஓட்டுநர் பயணியின் அன்பளிப்பை நம்பி இருக்கிறார். அவருக்குச் சிறுத்தையைக் காட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் இருக்கத்தான் செய்யும்.

கடைசி நாள் ஏன் வண்டியைத் திருப்பினார் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. நுழைவுச் சீட்டு 24 மணி நேரக் கணக்கு. முதல் நாள் காலை 11 மணிக்கு நாபி ஹில் வாயிலில் முத்திரை குத்தியிருந்தால், கிளம்பும் நாளிலும் 11 மணிக்குள் அதே வாயிலைத் தாண்டியாக வேண்டும்; தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம், அது பல வேளைகளில் ஓட்டுநரின் தலையில் விழும். செரொனேராவிலிருந்து அந்த வாயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். எங்கள் வழிகாட்டி இதை முதல் நாளே விளக்கிவிட்டு, உள்ளே நுழைவதை வேண்டுமென்றே பிற்பகல்வரை தள்ளி, அதுவரை வெளியே எண்டுட்டுப் பக்கத்திலேயே சுற்றினார். கடைசி நாள் காலை முழுவதும் எங்களுக்குக் கிடைத்தது.

குளிரைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அந்த விளிம்பு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம், நம் உதகையைவிடச் சற்றே கூடுதல். ஜூலையில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து அரைக்கைச் சட்டையோடு வருபவர்கள் அனைவரும் அங்கே ஓரிரவு பாடம் படிக்கிறார்கள்.

#5 தாழம்பூ

எனக்கு இப்போது 66 வயதாகிறது. 63 வயதில் என் மகனோடும் மருமகளோடும் ஐந்து இரவுகள் கூடாரத்தில் தங்கிவந்தேன். எனவே தம்பி நொய்யல்கரையின் தாயாருக்காக நானே எழுதுவது பொருத்தம்.

சிங்கத்துக்கு நான் அஞ்சவில்லை. இரவில் எழ வேண்டியிருக்குமே என்பதற்குத்தான் அஞ்சினேன். இந்த வயதில் இரண்டு முறையாவது எழ வேண்டும், கழிவறையோ ஐம்பது அடி தள்ளி இருட்டில். முதல் இரவு மாலை 4 மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்து மறுநாள் தலைவலியில் படுத்துவிட்டேன். இரண்டாம் நாள் சமையலரே புரிந்துகொண்டு, மூடியுள்ள சிறிய வாளி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து கூடாரத்தின் முன்மடிப்புக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அதன் பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயணத் திட்டங்களில் எவரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். தனிக் கூடாரமும் ஒரு வாளியும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டாந்தரையில் விரிக்கும் மெத்தை எத்தனை விரற்கடை தடிமன் என்றும் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்குத் தரையிலிருந்து எழுவதுதான் மிகவும் கடினம். சிறு கூடுதல் தொகைக்கு மடக்குக் கட்டில் போட்டுத் தருபவர்களும் உண்டு.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சப்பாத்தி என்ற பெயரிலேயே சப்பாத்தி கிடைக்கும். நம்முடையதைவிடத் தடிமனாக, அடுக்கடுக்காக, ஏறக்குறைய பரோட்டாவைப் போல. மகராகே என்பது பெரும்பயறு போன்ற சிவப்பு அவரைக் குழம்பு; ம்சிச்சா என்பது நம் தண்டுக்கீரையின் உறவு, வெங்காயம் தக்காளியோடு வதக்குவார்கள், தேங்காய்ப்பால் ஊற்றினால் நம் வீட்டுக் கூட்டுதான். வெங்காயத்தையும் தக்காளியையும் எலுமிச்சைச் சாற்றில் பிசறிய கச்சும்பரியின் பெயரே இந்தியாவிலிருந்து போனது. ஒவ்வோர் இரவும் முதலில் ஒரு சூப் வரும். நான் ஒரு புட்டி எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன். மூன்றாம் நாளில் அது சமையலரின் புட்டியாகிவிட்டது.

மருத்துவம் குறித்து ஒன்று. மும்பையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகப் போய்வரும்போது, எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருப்பதால், திரும்பும்போது இந்தியாவில் தடுப்பூசிச் சான்று கேட்கக்கூடும். இல்லாதவரை 6 நாள்வரை தனிமையில் வைக்க அதிகாரம் உண்டு. கென்யா வழியாகப் போனாலும் இதே கதைதான். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்று செல்லும், அதன் பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதன்முறை போடும்போது பக்கவிளைவு கூடுதல் என்பதால், தாயாரை மருத்துவரிடம் காட்டி முடிவெடுங்கள். முடிந்தால் அந்த நாடுகளைத் தொடாத விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். மலேரியா மாத்திரையையும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

#6 மன்னார்ப் பெருக்கு

நெடுவழி அவர்கள் தரங்கிரேயை விட்டுவிடச் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. பிப்ரவரியில் யானைகள் குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கே போவது யானைக்கு மட்டுமா? நான் மன்னாரில் பிறந்தவன். எங்கள் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை (பாவோபாப்) சுற்றி விளையாடி வளர்ந்தேன். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நெடுந்தீவிலும் ஒன்று நிற்கிறது. தமிழ்நாட்டில் சிலர் ஆனைப்புளி என்கிறார்கள். சிறுவயதில் அது எங்கள் ஊருக்கே உரிய மரம் என்று நினைத்திருந்தேன். தரங்கிரே வாயிலைத் தாண்டி வண்டி மேடேறியதும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பெருக்கமரங்கள், ஒவ்வொன்றும் எங்கள் பள்ளிமுனை மரத்தின் உடன்பிறப்பு. வண்டியிலிருந்த மற்றவர்கள் ஒட்டகச்சிவிங்கியைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிமரத்தைக் கவனியுங்கள். ஓர் ஆளின் இடுப்பிலிருந்து இரண்டாள் உயரம்வரை பட்டை உரிந்து, நார் நாராகக் கிழிந்து, சில மரங்களில் உள்ளே குடைந்தே போயிருக்கும். வறட்சிக் காலத்தில் யானைகள் அந்த ஈரமான நாரைத் தந்தத்தால் கீறி மெல்லுகின்றன. எங்கள் நாட்டு யானைகளில் பெண்ணுக்குத் தந்தமே வெளியே தெரியாது, ஆண்களிலும் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. அதனால்தான் எங்கள் ஊர்ப் பெருக்கமரத்தின் பட்டை வழவழப்பாக இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். அங்கே செட்சி ஈ அதிகம். கடித்தால் ஊசி குத்தியது போல இருக்கும். கொசு மருந்துக்கு அது மசியாது.

#7 ஆநிரை

நான் கால்நடை மருத்துவன். இங்கே இன்னும் எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: நீங்கள் எண்டுட்டுவில் காணப்போகும் அந்தப் பெருமந்தை பழங்காலத்திலிருந்து அப்படியே இருந்துவருவது அன்று.

நம் உழவர்கள் வெக்கை நோய் என்று அழைத்த மாட்டுக் கொள்ளைநோய் 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் நுழைந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் சென்ற மாடுகளோடு அது போனதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. சில ஆண்டுகளில் அங்கே மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் மாடுகள் பெரும்பாலும் மடிந்தன, பஞ்சத்தில் மக்களும் மடிந்தார்கள். எருமைகளும் வைல்டுபீஸ்ட்டுகளும் அதே நோயில் விழுந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் கன்றுகளை அது வாரிக்கொண்டு போயிற்று. பூங்காவைச் சுற்றியிருந்த நாட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டபோதுதான் காட்டு விலங்குகளிலும் நோய் அறுந்தது. 1961இல் ஏறத்தாழ 2.6 லட்சமாக இருந்த வைல்டுபீஸ்ட் 1977க்குள் 13 லட்சத்தைத் தாண்டிற்று. புல்லை அவை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் இளமரங்கள் தலையெடுத்தன. மாட்டுக்குப் போட்ட ஊசி மரம் வளர்த்த கதை இது. 2011இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அதுதான்.

இன்னொன்று. வைல்டுபீஸ்ட் கன்றுகள் தம் உடலில் ஒரு நச்சுயிரியைச் சுமக்கின்றன; அவற்றுக்கு அதனால் கேடில்லை, ஆனால் நாட்டு மாட்டுக்குத் தொற்றினால் கடுங்காய்ச்சலில் பெரும்பாலும் இறந்துவிடும். ஆகவே கன்று ஈனும் காலத்தில், புல் மிகச் செழிப்பாக இருக்கும் அந்தச் சமவெளியிலிருந்து மசாய் மேய்ப்பர்கள் தம் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு விலகிவிடுகிறார்கள். பிப்ரவரியில் நீங்கள் பார்க்கும் 'ஆளற்ற வனப்பு' என்பது ஒரு பகுதி அந்த மேய்ப்பர்களின் அறிவினால் அமைந்தது.

அவர்கள் அங்கிருந்து விலக்கப்பட்ட கதையும் உண்டு. 1959இல் செரெங்கெட்டியை மனிதர் குடியிருப்பு இல்லாத பூங்காவாக்கியபோது, அங்கிருந்த மசாய் மக்கள் கிழக்கே நகர்த்தப்பட்டு, கொரோங்கோரோவில் விலங்குகளோடு சேர்ந்து வாழும் உரிமை தரப்பட்டது. இப்போது அங்கும் மக்கள்தொகை மிகுந்துவிட்டது என்று சொல்லி, 2022 முதல் அரசு அவர்களைத் தாங்கா மாநிலத்தின் ம்சோமேரா சிற்றூருக்குக் குடிபெயர்த்துவருகிறது. விருப்பப்பட்டோர்தாம் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளியும் மருத்துவமும் சுருக்கப்பட்டதால் போக வேண்டியதாயிற்று என்கிறார்கள் மக்கள். பயணத் திட்டத்தில் 'மசாய் கிராமம் பார்த்தல், தலைக்கு இவ்வளவு' என்று ஒரு வரி இருக்கும். அங்கே நடனம் பார்க்கும் அரை மணி நேரத்தைவிட, உங்கள் வழிகாட்டியோ சமையலரோ மசாய் குடும்பத்தினராக இருந்தால் இரவு உணவுக்குப் பின் மாடுகளைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் சமையலர் அப்படிப்பட்டவர். நான் மாட்டு மருத்துவன் என்று தெரிந்ததும் மறுநாள் சூப் ஆறிப்போகும்வரை கேள்வி கேட்டார்.

#8 செம்பரிதி

ஆநிரை அவர்களின் பதிவைப் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான்கு நாளில் நான் எங்கள் ஓட்டுநரிடம் சிங்கம் எங்கே என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை; அவர் பெயர்கூட இப்போது நினைவில்லை. இருந்தாலும், பணம் வாங்கியவர் ஒருவர், வண்டி அனுப்பியவர் வேறொருவர் என்பதை நான் மன்னிக்கப் போவதில்லை. நொய்யல்கரை அவர்களே, வண்டி யாருடையது, பதிவெண் என்ன, எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

#9 நொய்யல்கரை

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தாழம்பூ அம்மாவின் பதிவை என் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வாளி என்ற சொல் வந்ததும், இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். அதோடு வீட்டில் எதிர்ப்பு முடிந்தது.

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதில், வழிகாட்டி பதினான்கு ஆண்டுகளாக அவர்களிடம் மாதச் சம்பளத்தில் இருப்பவர் என்றும், வண்டி அவர்களுடையதே என்றும், நாங்கள் நால்வர் மட்டுமே ஏறுவோம் என்றும் எழுத்தில் தந்திருக்கிறார்கள். திட்டத்தைச் சற்றே மாற்றியிருக்கிறேன். மன்னார்ப் பெருக்கு அவர்களுக்காகத் தரங்கிரே இருக்கிறது, ஆனால் பகல் மட்டும், எண்டுட்டுவில் மூன்று இரவுகள், செரொனேராவில் இரண்டு. கடைசி இரவு பள்ளத்தின் விளிம்பில் கூடாரமடிக்காமல், கீழே கராட்டு ஊரில் ஓர் எளிய விடுதியில் தாயாரை இளஞ்சூடான அறையில் உறங்கவைக்கிறோம். சிம்பா திடலின் யானையை இழப்பதில் மகளுக்குத்தான் வருத்தம்.

இன்னும் ஒரே கேள்வி. ஆடைகளையும் பொருள்களையும் பிளாஸ்டிக் பைகளில் பிரித்துக் கட்டிக்கொண்டால் புழுதி ஏறாது என்று மனைவி சொல்லுகிறார். மகள் தன் ஜீன்ஸையும் பள்ளிப் பையையும் எடுத்துவைத்துவிட்டாள். இதில் ஏதும் தடை உண்டா?

#10 நெடுவழி

உண்டு. 2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். பற்பசை முதலியவற்றைப் போடும் ஜிப் உறைக்கு மட்டும் விலக்கு. புழுதிக்குப் பழைய தலையணை உறைகளே போதும், இரண்டு துணிமணிக்கு ஓர் உறை.

செட்சி ஈக்கு நீலமும் கறுப்பும் மிகவும் பிடித்த நிறங்கள். அதைப் பிடிக்க அங்கே மரங்களில் கட்டித் தொங்கவிடும் பொறித்துணியே நீலமும் கறுப்புமாகத்தான் இருக்கும். தரங்கிரேயில் வழிநெடுகப் பார்ப்பீர்கள். எனவே ஜீன்ஸை மாற்றிக் காக்கியோ, மண் நிறமோ போடச் சொல்லுங்கள். பள்ளிப் பையும் நீலமென்றால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.